மன நெருக்கடி, குடி, போதை: யாரிடம் கேட்பது, எங்கே போவது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் இருப்பவர்களுக்கான எண்கள் கடைசிக் கேள்வியில் உள்ளன. உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 108-க்கு அழையுங்கள். பேச ஓர் ஆள் வேண்டும் என்றால் 14416. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் உண்டு, கட்டணம் இல்லை.

செத்துவிடலாம் என்று இந்த நிமிடமே தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

முதலில் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து அறைக்குப் போங்கள், எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அதுவும் முடியாவிட்டால் ஆட்கள் நடமாடும் டீக்கடைப் பக்கமாவது போய் நில்லுங்கள். எதைக் கொண்டு உங்களைக் காயப்படுத்திக்கொள்ள நினைக்கிறீர்களோ, அது இருக்கும் இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். அப்புறம் 14416-ஐ அழுத்துங்கள். என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "எனக்கு வாழப் பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். அழுகை மட்டும்தான் வருகிறது என்றாலும் பரவாயில்லை, எதிர்முனையில் காத்திருப்பார்கள்.

இந்த எண்ணம் அலை போல ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது இது ஒருநாளும் போகாது என்றே தோன்றும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த உச்சம் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தைக் கடப்பதுதான் இன்றைய வேலை. கடன், கல்யாணம், மதிப்பெண் எதற்கும் இன்றைக்கு முடிவு சொல்ல வேண்டாம். மது குடித்திருந்தால் மேற்கொண்டு குடிக்காதீர்கள். போதை ஏறியிருக்கும்போது கை முந்திக்கொள்ளும், யோசனை பின்தங்கும்.

14416-க்கு அழைத்தால் என்ன நடக்கும்? பெயர், ஊர் எல்லாம் கேட்பார்களா?

இது டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய சேவை. அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரல் வரும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். நிலைமையைக் கேட்டுவிட்டுத் தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வார். உண்மைப் பெயரைச் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் அதை அவரிடமே சொல்லிவிடலாம். 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்ற எண்ணிலும் அதே சேவை உண்டு.

முதல் முறை பேசியவர் உங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றலாம். மனிதர்கள்தானே, எல்லா நாளும் ஒன்றுபோல் இருக்காது. வைத்துவிட்டு மறுபடி அழையுங்கள், வேறொருவர் எடுப்பார். ஒரு அழைப்பு சரியாக அமையவில்லை என்பதற்காக மொத்த உதவியையும் கைவிட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

வேறு எந்த எண்கள் இருக்கின்றன? எதற்கு எது?

104 தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் நாட்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருவதும் இதில்தான். 14446 போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள தேசிய உதவி எண். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567.

சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா இருக்கிறது. எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் தன்னார்வலர்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள், நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் புத்திமதி சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

10581 என்ற எண்ணையும் பலர் குறித்து வைத்திருக்கிறார்கள். அது கள்ளச்சாராயம், போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் சொல்வதற்கானது. சிகிச்சைக்கு அங்கே அழைக்க வேண்டாம்.

நான் சாகும் அளவுக்கெல்லாம் இல்லை. தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. இதற்கெல்லாம் அழைக்கலாமா?

அழைக்கலாம். இந்தக் கட்டத்தில் அழைப்பதுதான் நல்லது. நம் வீடுகளில் மன நோய்க்கும் குடிக்கும் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று சொல்லியே வருடங்கள் போகின்றன. நோயின் பெயர் தெரிய வேண்டும், காரணம் தெரிய வேண்டும், நாலு பேரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ வேலையோ கெட்டிருந்தால் அதுவே போதுமான காரணம்.

வீட்டில் ஒருவர் "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிற மாதிரி பேசுகிறார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால், நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகாதா?

ஆகாது. இது எல்லோருக்கும் இருக்கும் பயம். ஆனால் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொல்கிறது. உள்ளே அடக்கி வைத்திருப்பவருக்கு, ஒருவர் வெளிப்படையாகக் கேட்பதே பாரத்தைக் குறைக்கும்.

சுற்றி வளைக்காமல், டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நம் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" ஆமாம் என்றால் அடுத்தது, "எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" யோசித்து வைத்திருக்கிறார், அதற்கான பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் அது அவசரம். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி என்றாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்தே இருக்கும்.

"உனக்கு என்ன குறைச்சல்?", "பிள்ளைங்க முகத்தைப் பார்த்தாவது திருந்தக் கூடாதா?", "கோழை மாதிரி பேசாதே" என்பதெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் இத்தனை நாள் தள்ளியிருக்கிறார். குற்ற உணர்ச்சி ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மேலும் கொடுத்தால் தாங்காது.

இன்னொன்று, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்சம் மீதி மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். கிராமத்து வீடுகளில் வயலுக்கு அடித்தது போக மீதி மருந்து பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ கிடக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகளின் பூச்சிமருந்தை எல்லாம் பொது இடத்தில் பெட்டகங்களில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள் ஸ்நேகாவைச் சேர்ந்தவர்கள். அந்த முயற்சியின் அடிப்படை எளிமையானது. கோபத்திலும் துக்கத்திலும் கைக்குக் கிடைக்காத பொருள், ஒரு உயிரைக் காப்பாற்றப் போதுமான நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது.

ஏதோ குடித்துவிட்டார், அல்லது மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

108. வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் ஏற்றுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போனால் அதுவே உயிரை எடுத்துவிடும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

"நல்லாத்தானே இருக்கார், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சில எலி மருந்துகளில் முதல் ஓரிரு நாள் ஆள் சாதாரணமாக எழுந்து நடமாடுவார், சாப்பிடுவார். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். ஆகவே எவ்வளவு கொஞ்சம் என்றாலும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனை.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே?

இந்தப் பயத்தில்தான் சில குடும்பங்கள் சின்ன கிளினிக்குகளாக அலைந்து நேரத்தைத் தொலைக்கின்றன. விஷயம் இதுதான். மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், போலீஸ் வந்து விசாரிக்கவும் கூடும். ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. முன்பு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே அதில் குற்றம். விசாரிக்க வருபவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? செலவு எவ்வளவு?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை இருக்கிறது. மற்ற இடங்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் "மாவட்ட மனநலத் திட்டம்" என்று கேளுங்கள். அந்தக் குழுவினர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று 104-இலோ 14416-இலோ கேட்டுக்கொள்ளலாம். ஆலோசனையும் மாத்திரையும் இலவசம்.

காலையிலேயே போய்விடுங்கள். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும், கதை சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும், அதனால் எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, குடி எவ்வளவு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. கூட வருபவர் கொஞ்ச நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று நோயாளி கேட்டால் அதற்கு இடம் கொடுங்கள்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லையே சினிமாவும் தெருப்பேச்சும் கேலிக்குரியதாக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கேலிக்குப் பயந்து உள்ளே வராமல் போனவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது. அங்கே புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. தினமும் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். மனச்சிதைவு நோய்க்கு, டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் உண்டு.

மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விடவே முடியாதாமே? அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதை தருவன அல்ல. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல், தலைவலி வரலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பத்தாவது நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்றோ, மூன்றாவது மாதம் "சரியாகிவிட்டது" என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு நீண்ட காலம். தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான சில மாத்திரைகளும் மட்டும் பழக்கமாகக் கூடியவை, அவற்றை அளவும் நாளும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது.

வீட்டில் ஒருவர் தினமும் குடிப்பவர். நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்தப் போகிறேன் என்கிறார். நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவது ஆபத்து என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கார்த்திகை பிறந்ததும் மாலை போடுவார்கள். அதுவரை காலையிலேயே குவார்ட்டரைத் தேடியவர், குளித்து மாலை போட்டு அன்றோடு நிறுத்துவார். வீடே மகிழ்ந்து போயிருக்கும். அன்று மாலையோ மறுநாளோ கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு ஃபிட்ஸ் வரும். இரண்டு முதல் நான்கு நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், வீட்டை விட்டு ஓடப் பார்ப்பார். சாமி வந்திருக்கிறது என்றோ, விரதத்தில் ஏதோ குறை என்றோ வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மூளை திடீரென்று மதுவை இழந்ததால் வரும் மருத்துவ அவசரநிலை இது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். கோயிலில் கயிறு கட்டி நிறுத்துபவர்களுக்கும் இதே கதைதான்.

விரதத்தை நான் குறை சொல்லவில்லை. குடியை நிறுத்த அதைவிட நல்ல தூண்டுதல் பலருக்குக் கிடைப்பதில்லை. மாலை போடுவதற்கு முன்னால் ஒருநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவைப் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நடுக்கமும் ஃபிட்ஸும் வராமல் இருக்கச் சில நாட்களுக்கு மாத்திரை கொடுப்பார்கள், பி1 சத்து ஊசி போடுவார்கள். முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்தவர், காலையில் கண் விழித்ததுமே குடிக்க வேண்டியிருப்பவர், வயதானவர், கல்லீரல் கெட்டவர் என்றால் வீட்டில் முயலவே கூடாது, மருத்துவமனையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கும்வரை அன்றே அடியோடு நிறுத்தியாக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒரு பொடி விளம்பரம் வருகிறதே?

வாங்காதீர்கள். இப்படி விற்கும் சிலவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவர்கள் அதை நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதித்த பிறகே தருவார்கள். தெரியாமல் கொடுப்பது மனைவியே ஆனாலும் தவறு. அவர் கண்டுபிடித்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகப்படத் தொடங்குவார்.

மறுவாழ்வு மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? தனியார் மையம் பற்றிப் பயமான கதைகள் கேட்கிறோம்.

கதைகளில் உண்மையும் உண்டு. நள்ளிரவில் நாலு பேர் வந்து தூக்கிப் போவது, அடிப்பது, மாதக்கணக்கில் வீட்டாரைப் பார்க்க விடாதது எல்லாம் சிகிச்சையின் பகுதி அல்ல. குடும்பம் களைத்துப் போயிருக்கும் நேரத்தில் "நாங்க பார்த்துக்கிறோம், நீங்க வராதீங்க" என்ற வார்த்தை ஆறுதலாகத்தான் இருக்கும். அந்த ஆறுதலை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டும் முன் நேரில் போங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் ஃபிட்ஸ் வந்தால் யார் பார்ப்பார்கள், முதல் வாரமே நான் வந்து பார்க்கலாமா, அவர் வீட்டுக்குப் போன் பேசலாமா, வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். படுக்கும் அறையையும் கழிப்பறையையும் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள். சங்கிலியால் கட்டிவைப்பதைச் சட்டம் எந்த நிலையிலும் அனுமதிப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் இறந்தவர்கள் 28 பேர். அதை மறந்துவிட நமக்கு உரிமை இல்லை.

அரசுப் பக்கம், 2025-இல் அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. பக்கத்தில் எது என்று 14416-இல் கேளுங்கள். சென்னையில், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளை நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிப்பவரோடு அவர் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் வழக்கம் அங்கே உண்டு, அது மிக முக்கியம்.

சேர்க்கை தேவைப்படாதவர்களுக்கும், சிகிச்சை முடித்து வந்தவர்களுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உதவும். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கி 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது. எதிரே பேசுபவரும் குடித்துச் சீரழிந்து மீண்டவர் என்பதால், மருத்துவர் சொல்லிக் கேட்காதது அங்கே காதில் ஏறும்.

வர மறுக்கிறார். கட்டாயப்படுத்திச் சேர்க்கலாமா?

தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத்தானே கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், குடும்பத்தில் அவருடைய பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்க்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு வழி தருகிறது. மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒப்ப வேண்டும், முதல் கட்டமாக அதிகபட்சம் 30 நாள். குடியும் போதையும் உண்டாக்கும் மனப் பாதிப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. நிலைமை அந்த அளவுக்கு இல்லை என்றால் கட்டாயம் பெரும்பாலும் பலன் தருவதில்லை.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை, அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். மனநலப் பிரிவிலும் 14416-இலும் 14446-இலும் குடும்பத்தினருடன் தனியே பேசுவார்கள். அவரிடம் பேசக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குடித்திருக்கும்போது பேசிய எதுவும் மறுநாள் நினைவில் இருக்காது. "தூக்கம் வரலைன்னு சொன்னியே, அதுக்கு ஒரு தடவை காட்டிட்டு வரலாம்" என்று அவருக்கே தொந்தரவாக இருப்பதிலிருந்து தொடங்கினால் பலர் கிளம்பிவிடுகிறார்கள்.

மகன் கஞ்சா பிடிக்கிறான், ஏதோ வலி மாத்திரையும் எடுக்கிறான் என்று சந்தேகம். வெளியே சொன்னால் கேஸ் போட்டுவிடுவார்களோ?

சிகிச்சைக்குப் போவதால் வழக்கு வராது. நீங்கள் மருத்துவரிடம் சொல்வது ரகசியம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. சிறு அளவு வைத்திருந்தது, பயன்படுத்தியது ஆகியவற்றுக்காக வழக்கில் சிக்கியவர், அரசு அல்லது அரசு ஏற்ற மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்க அது வழி செய்கிறது. விற்றவருக்கு இது பொருந்தாது.

வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பரவியிருக்கிறது. கையில் ஊசித் தழும்பு, வெயிலிலும் முழுக்கை சட்டை, கழிப்பறையில் நீண்ட நேரம், பையில் காலி மாத்திரை அட்டை ஆகியவற்றைக் கவனியுங்கள். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, தட்டினாலும் எழவில்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைத்து, மாத்திரை எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்கும் மருந்து உண்டு, சொன்னால்தான் கொடுக்க முடியும்.

கஞ்சா பிடிக்கும் பிள்ளை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் தாமதிக்கவே வேண்டாம். அது மனநோயின் தொடக்கமாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் நன்றாகக் குணமாகும். அடித்து, செல்போனைப் பிடுங்கி, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதால் இது போகாது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போய் வருகிறோம். அது போதாதா?

போங்கள், மாத்திரையையும் கொடுங்கள். குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் தலைமுறை தலைமுறையாக மக்கள் போகிறார்கள். அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று சொல்லி யாரையும் மருத்துவமனைக்கு அழைத்துவர முடியாது. ஏர்வாடி தர்காவிலேயே வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கும்படி மனநலப் பிரிவை அரசு நடத்துகிறது. அங்கே போகிறவர்கள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆறு மாதம் நன்றாக இருந்தார். போன வாரம் மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. குடிநோயில் சறுக்கல் சகஜம். ஆறு மாதம் இருக்க முடிந்தவரால் அடுத்த முறை அதற்கு மேலும் இருக்க முடியும். எந்த நாள், யாரோடு, எந்த மனநிலையில் சறுக்கினார் என்று சண்டை போடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். மாத்திரை, ஊசிப் போதையிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இடைவெளிக்குப் பின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அப்போது பழைய அளவை எடுப்பவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். எல்லோரும் அவரைத் திருத்தவே வழி சொல்கிறார்கள். எனக்கு யார்?

உங்களுக்கு 181 இருக்கிறது, ஆபத்து என்றால் 112. மாவட்டங்களில் ஒன் ஸ்டாப் சென்டர் உண்டு. தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கேட்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. குடி ஒரு நோய்தான், ஆனால் நோய் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அவர் சிகிச்சைக்குச் சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் தூக்கத்துக்கும் பயத்துக்கும் நீங்களே ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம்.

பிரசவமாகி பத்து நாள்தான் ஆகிறது. மகள் தூங்குவதே இல்லை, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள்.

இன்றைக்கே மருத்துவமனை. தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். காத்து கருப்பு என்று நாள் கடத்த வேண்டாம். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனநோய் இது. சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும்.

எங்கள் தெருவில் மனநலம் பாதித்த ஒருவர் பல நாளாகச் சுற்றுகிறார்.

112-க்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனையில் சேர்ப்பது காவல் துறையின் கடமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு. பல மாவட்டங்களில் அரசு உதவியோடு அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் நடக்கின்றன. சென்னையில் 1993 முதல் பேன்யன் அமைப்பு இதே வேலையைச் செய்து வருகிறது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். யாரை அழைப்பது?

இலங்கையில் 1926, தேசிய மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். மலேசியாவில் ஹீல் எண் 15555, சிங்கப்பூரில் 1767. பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123, ஆஸ்திரேலியாவில் லைஃப்லைன் 13 11 14. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. அமெரிக்காவின் 988-இல் மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டு, ஆங்கிலத்தில் "தமிழ்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேளுங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்களுக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் உதவி எண் இருக்கும், அதை இன்றே போனில் சேமித்து வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ தம்பிக்கோ உதவி வேண்டும் என்றால், அவர்கள் பக்கத்தில் இருக்கும் ஒருவரை 14416-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு யார் கூட்டிப் போவது என்பதை அதே அழைப்பில் முடிவு செய்யுங்கள்.